தினமும் ஓட வேண்டிய டாஸ்க் ஏன் ஓடவில்லை? பாலிகஞ்ச் காற்றுப் பட்டியலில் விழுந்த ஓட்டையிலிருந்து ஒரு விளக்கம்

தென் கொல்கத்தாவின் பாலிகஞ்சில் மேற்கு வங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி காற்றுக் கண்காணிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. அது அளக்கும் எண்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தினமும் காலை 6 மணிக்கு அந்த எண்களை எடுத்து ஒரு பட்டியலில் சேர்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை வீட்டு லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தேன். குளிர்காலம் முழுக்க அது பாட்டுக்கு ஓடட்டும், பிப்ரவரியில் உட்கார்ந்து செய்தி எழுதலாம் என்பது திட்டம்.

பிப்ரவரியில் பட்டியலைத் திறந்தேன். நாட்களைவிட வரிசைகள் குறைவாக இருந்தன. காளி பூஜையை ஒட்டிய நாட்கள் இல்லை. டிசம்பர் கடைசி வாரம் இல்லை. நிலையம் தன் வேலையைச் செய்திருக்கிறது. விட்டது என் லேப்டாப்தான். எந்த எரர் மெசேஜும் வரவில்லை. விண்டோஸில் அந்த டாஸ்க்கின் பக்கத்தில் ‘ரெடி’ என்றுதான் இருந்தது.

சில நாள் போனால் என்ன, மீதி இருக்கிறதே என்று தோன்றலாம். சிக்கலே அங்கதான். லேப்டாப் மூடியிருந்த நாட்கள் எவை? விடுமுறை நாட்கள், ஊருக்குப் போன நாட்கள். காளி பூஜையும் தீபாவளியும் ஒட்டி வரும். பட்டாசு வெடிப்பதும் அப்போதுதான். அந்த இரவுகளை மட்டும் விட்டுவிட்டு சராசரி போட்டால், பாலிகஞ்ச் காற்று உண்மையில் இருந்ததைவிடச் சுத்தமாகத் தெரியும். கணக்கில் தப்பே இருக்காது, ஆனா செய்தி பொய்யாகிவிடும்.

உங்கள் வீட்டுக் கணினியிலும் இப்படி ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். போட்டோ பேக்கப், மியூச்சுவல் ஃபண்ட் விலைப் பட்டியல், வாரம் ஒருமுறை ஆபீஸ் ஃபைல்களை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்வது. அது ஓடுகிறதா, இல்லை ஓடுகிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? கண்டுபிடிப்பது எப்படி, சரிசெய்வது எப்படி என்று பார்ப்போம்.

இந்த டாஸ்க்குகளை யார் ஓட்டுகிறார்கள்?

விண்டோஸில் ‘டாஸ்க் ஷெட்யூலர்’. மேக்கில் 2005 முதல் ‘லாஞ்ச்-டி’. லினக்ஸில் ‘க்ரான்’ அல்லது ‘சிஸ்டம்-டி டைமர்’. இவற்றில் மூத்தது க்ரான். 1979-ல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. இன்று நாம் பார்க்கும் பல வடிவங்களுக்கு மூலம், 1987-ல் பால் விக்ஸி எழுதிய பதிப்பு.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நேரம் வந்ததும் நீங்கள் சொன்ன புரோகிராமைத் தொடங்கிவிடும். அது உருப்படியாக வேலை செய்ததா, நீங்கள் கேட்டது கிடைத்ததா என்பது ஷெட்யூலரின் கவலை இல்லை. காலையில் கதவைத் தட்டும் பால்காரரைப் போல: தட்டிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் எழுந்தீர்களா இல்லையா என்று நின்று பார்க்க மாட்டார்.

முதல் கேள்வி: ஓடவே இல்லையா, ஓடி விழுந்ததா, ஓடியும் பயனில்லையா?

பெரும்பாலானவர்கள் டாஸ்க் ஓடவில்லை என்றதும் ஸ்கிரிப்ட்டைத் திறந்து திருத்த ஆரம்பித்துவிடுவார்கள். அது நேர விரயம். முதலில் மேலே உள்ள மூன்றில் எது என்று முடிவு செய்யுங்கள். காரணமும் மருந்தும் மூன்றுக்கும் வேறு வேறு.

விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் மூன்று விஷயம் தெரியும்: கடைசியாக ஓடிய நேரம், அதன் முடிவு, அடுத்து ஓடப்போகும் நேரம்.

கடைசியாக ஓடிய நேரம் நீங்கள் எதிர்பார்த்த நாள் இல்லையென்றால், டாஸ்க் தொடங்கவே இல்லை. நேரம் சரியாக இருந்து முடிவு பூஜ்யமாக இல்லையென்றால், பெரும்பாலும் தொடங்கி விழுந்திருக்கிறது. நேரமும் சரி, முடிவும் பூஜ்யம், ஆனா ஃபைலில் எதுவும் இல்லையென்றால் மூன்றாவது வகை. அதுதான் இருப்பதிலேயே மோசமானது.

முடிவுக் குறியீடுகளில் அடிக்கடி வருபவை சில. 0எக்ஸ்0 என்றால் புரோகிராம் ‘நல்லபடியாக முடிந்தது’ என்று சொல்லியிருக்கிறது. 0எக்ஸ்1 என்றால் புரோகிராமே ஏதோ பிழை என்று சொல்லி வெளியேறியிருக்கிறது. பிழை என்ன என்பது அதற்கு மட்டும்தான் தெரியும். 0எக்ஸ்2 என்றால் சொன்ன இடத்தில் ஃபைல் இல்லை. 0எக்ஸ்41301 என்றால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 0எக்ஸ்41303 என்றால் இதுவரை ஒருமுறைகூட ஓடவில்லை.

இன்னொன்றும் செய்யுங்கள். ஷெட்யூலரில் ‘ஹிஸ்டரி’ என்று ஒரு பகுதி உண்டு. பல கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வலது பக்கப் பட்டியலில் எல்லா டாஸ்க்குகளின் ஹிஸ்டரியையும் இயக்கும் வசதி இருக்கிறது. இன்றே போட்டு வையுங்கள். எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, ஏன் தொடங்கவில்லை என்று அதில் பதிவாகும். இது தெரியாமல் நான் மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன்.

லினக்ஸில் க்ரான் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் சிஸ்டம் லாகில் ஒரு வரி எழுதும். அந்த வரி இருந்தால் தொடங்கியிருக்கிறது, இல்லையென்றால் இல்லை. ஸ்கிரிப்ட் என்ன சொன்னது என்பதை க்ரான் அந்தக் கணினிக்கு உள்ளேயே மெயிலாக அனுப்பப் பார்க்கும். வீட்டுக் கணினியில் மெயில் வசதி அமைத்திருக்க மாட்டோம் என்பதால் அது யாருக்கும் போய்ச் சேராது.

ஓடவே இல்லை: தூக்கம், பேட்டரி, பாஸ்வேர்ட்

வீட்டு லேப்டாப்பில் முதல் சந்தேகம் எப்போதும் தூக்கத்தின் மேல்தான். மூடியை மூடினால் கணினி தூங்கும். தூங்கும் கணினியில் காலை 6 மணி என்பது வரவே வராது.

விண்டோஸில் டாஸ்க்கின் ‘கண்டிஷன்ஸ்’ பக்கத்தில், டாஸ்க்குக்காகக் கணினியை எழுப்பும் ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் மட்டும் போதாது. பவர் அமைப்புகளில் ‘வேக் டைமர்’ அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். முழுசாக ஷட் டவுன் ஆன கணினியை இந்த டிக் எழுப்பாது.

அதே பக்கத்தில் இன்னொரு கண்ணி. ‘சார்ஜரில் இருந்தால் மட்டும் தொடங்கு’ என்ற டிக், புதிய டாஸ்க்கில் தானாகவே போடப்பட்டிருக்கும். ‘பேட்டரிக்கு மாறினால் நிறுத்து’ என்பதும் கூடவே இருக்கும். இரவு சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தூங்குபவரா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் டாஸ்க் ஓடாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மின்சாரம் போய் வரும் வீடுகளிலும் இதே கதைதான்.

மூன்றாவது, ‘செட்டிங்ஸ்’ பக்கம். நேரம் தவறிப்போனால், முடிந்தவுடன் ஓட்டு என்று ஒரு டிக் உண்டு. இது இயல்பாகப் போடப்பட்டிருக்காது. வீட்டு லேப்டாப்புக்கு இந்த ஒரு டிக்தான் மிக முக்கியம். காலை 6 மணிக்கு மூடியிருந்தாலும், 9 மணிக்குத் திறந்த சில நிமிடங்களில் டாஸ்க் ஓடிவிடும்.

மேக்கில் லாஞ்ச்-டி கொஞ்சம் அக்கறையானது. தூக்கத்தில் தவறிய டாஸ்க்கை, விழித்ததும் ஓட்டும். ஆனா நான்கு நாள் தூங்கியிருந்தால் நான்கு முறை ஓட்டாது. ஒரே ஒரு முறைதான். ஷட் டவுன் ஆகியிருந்தால் அதுவும் இல்லை. லினக்ஸ் க்ரானுக்கு இந்த அக்கறை கிடையாது. தவறினால் தவறியதுதான். அதற்காகவே ‘அனக்ரான்’ வந்தது; சிஸ்டம்-டி டைமரில் ‘பெர்சிஸ்டென்ட்’ என்ற அமைப்பும் அதே வேலையைச் செய்யும்.

அடுத்தது லாகின். விண்டோஸில் டாஸ்க்கை உருவாக்கும்போது இரண்டு வாய்ப்பு வரும்: நான் லாகின் செய்திருந்தால் மட்டும் ஓட்டு, செய்திருக்காவிட்டாலும் ஓட்டு. முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு கணினி ரீஸ்டார்ட் ஆகி லாகின் திரையில் நின்றால் டாஸ்க் ஓடாது. இரவில் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆகும் கணினியில் இது சகஜம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்வேர்ட் கேட்கும். தினமும் லாகினுக்குப் போடும் நான்கு இலக்கப் பின் நம்பரை அங்கே கொடுத்தால் ஏற்காது. அக்கவுன்ட்டின் முழு பாஸ்வேர்ட் வேண்டும். பின்னால் எப்போதாவது அந்த பாஸ்வேர்டை மாற்றினால், டாஸ்க்கிலும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் அன்றிலிருந்து சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ஓடி விழுந்தது: கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடினால் விழுகிறது

‘நான் ஓட்டினா சரியா ஓடுது’ என்பதுதான் இந்த வகையின் அடையாளம். நீங்கள் ஓட்டும்போது நீங்கள் ஒரு ஃபோல்டருக்குள் இருக்கிறீர்கள், உங்கள் அமைப்புகள் எல்லாம் கூடவே இருக்கின்றன. ஷெட்யூலர் ஓட்டும்போது இவை எதுவும் இருக்காது.

முதலில் ஃபோல்டர். ஸ்கிரிப்ட்டில் வெறும் ஃபைல் பெயரை மட்டும் எழுதியிருந்தால், அது எந்த ஃபோல்டரில்? விண்டோஸ் ஷெட்யூலரில் ‘ஸ்டார்ட் இன்’ என்ற பெட்டியைக் காலியாக விட்டால், விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து தேடும். அங்கே உங்கள் ஃபைல் இருக்காது. எழுதப் பார்த்தால் அனுமதி கிடைக்காது. பெட்டியில் முழு ஃபோல்டர் பாதையை எழுதுங்கள். மேற்கோள் குறி போடாதீர்கள், அந்தப் பெட்டி அதை ஏற்காது. அதைவிட நல்ல வழி, ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எல்லா ஃபைலுக்கும் முழுப் பாதை கொடுத்துவிடுவது.

இரண்டாவது, புரோகிராம் இருக்கும் இடம். க்ரானுக்குத் தெரிந்த ஃபோல்டர்கள் மிகச் சில. நீங்கள் தனியாக நிறுவிய பைத்தான், உங்கள் டெர்மினலுக்குத் தெரியும்; க்ரானுக்குத் தெரியாது. ‘பைத்தான்’ என்று மட்டும் எழுதாமல், அது இருக்கும் முழு முகவரியை எழுதுங்கள்.

மூன்றாவது, நெட்வொர்க் டிரைவ். பேக்கப் எடுப்பவர்கள் கவனிக்க. விண்டோஸில் நீங்கள் லாகின் செய்த பிறகு ஓர் எழுத்து கொடுத்து இணைத்த நெட்வொர்க் டிரைவ், பின்னணியில் ஓடும் டாஸ்க்குக்குப் பெரும்பாலும் தெரியாது. அந்த எழுத்துக்குப் பதிலாக முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள்.

நான்காவது, திரை. லாகின் இல்லாமலும் ஓடும்படி வைத்த டாஸ்க்குக்குத் திரையே இல்லை. எக்செல்லைத் திறந்து பட்டன் அழுத்தும் ஸ்கிரிப்ட், பிரவுசரைத் திறந்து கிளிக் செய்யும் ஸ்கிரிப்ட் எல்லாம் அங்கே திணறும். ‘ஓகே’ கேட்டு ஒரு பெட்டி வந்தால், அதை அழுத்த ஆளில்லாமல் அப்படியே நிற்கும். அடுத்த நாள் நேரம் வந்தாலும், முந்தையது இன்னும் முடியவில்லை என்று ஷெட்யூலர் புதிதாகத் தொடங்காது. ஒரு நாள் மாட்டினால் வரிசையாகப் பல நாள் போவது இப்படித்தான். ‘இவ்வளவு நேரத்துக்கு மேல் ஓடினால் நிறுத்து’ என்ற அமைப்பின் இயல்பு அளவு 3 நாள். இரண்டு நிமிட வேலைக்கு அதை ஒரு மணி நேரமாகக் குறைத்து வையுங்கள்.

மேக்கில் தனியாக ஒன்று: 2019-ல் வந்த கேட்டலினா முதல் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களைத் தொட அனுமதி வேண்டும். பின்னணி டாஸ்க்குக்கு அனுமதி கேட்கும் பெட்டியைக் காட்ட வழியில்லாவிட்டால் நேராக மறுத்துவிடும். ஸ்கிரிப்ட்டையும் அதன் ஃபைல்களையும் இந்த மூன்றுக்கும் வெளியே வைத்தால் பிரச்னை தீர்ந்தது.

க்ரான் பயன்படுத்துபவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. கட்டளையில் சதவீதக் குறி வந்தால் க்ரான் அதை வரி முடிவாக எடுத்துக்கொள்ளும். ஃபைல் பெயரில் தேதி சேர்க்கும்போது பலர் விழும் குழி இது. மாதத் தேதி, வாரக் கிழமை இரண்டையும் குறிப்பிட்டால் ‘இரண்டும் பொருந்தினால்’ என்று அர்த்தம் இல்லை, ‘ஏதாவது ஒன்று பொருந்தினால்’ என்று அர்த்தம்: 13-ம் தேதி வெள்ளிக்கிழமை என்று நினைத்து எழுதினால், எல்லா 13-ம் தேதியும் எல்லா வெள்ளிக்கிழமையும் ஓடும். கடைசியாக, பட்டியலைத் திருத்த ‘இ’ என்ற ஆங்கில எழுத்து, மொத்தப் பட்டியலையும் அழிக்க ‘ஆர்’. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பட்டியலுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் சரியா? எந்த ஊர் நேரம்?

சென்னையில் உட்கார்ந்து லினக்ஸில் நேர மண்டலத்தைப் பார்த்தாலும் ‘ஏசியா/கொல்கத்தா’ என்றுதான் இருக்கும். கணினிகள் பயன்படுத்தும் உலக நேரப் பட்டியல், மண்டலங்களுக்கு நாட்டின் பெயரை வைக்காமல் பெரிய நகரம் ஒன்றின் பெயரை வைக்கிறது. இந்தியா முழுவதற்கும் கொல்கத்தா. நகரத்தின் பெயர் 2001-ல் மாறியது. பழைய ‘கல்கத்தா’ என்ற பெயரும் பட்டியலில் மாற்றுப் பெயராக இன்னும் இருக்கிறது, இரண்டும் ஒன்றே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்திய நேரம் 1906 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த பிறகும், கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. இந்திய நேரத்தைவிட அது சுமார் 23 நிமிடம் முன்னால் ஓடியது. இன்று நம் எல்லாருடைய நேரத்துக்கும் அந்த ஊர் பெயர்.

டாஸ்க்கில் நேரம் எங்கே இடறும்? இந்திய நேரம், உலகப் பொது நேரமான யூடிசி-யைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஸ்கிரிப்ட் யூடிசி தேதியைப் பயன்படுத்தினால், நம் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அதற்கு ‘நேற்று’. காளி பூஜை இரவு 1 மணிக்கு எடுத்த எண் முந்தைய நாள் கணக்கில் விழும். அதே பெயரில் ஃபைல் ஏற்கெனவே இருந்தால் அதை அழித்து எழுதவும் செய்யும். வரிசை காணாமல் போவதற்கு இதுவும் ஒரு வழி.

வீட்டுக் கணினி வேண்டாம் என்று கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்கு மாறுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே அட்டவணை நேரம் இயல்பாக யூடிசி. காலை 6 மணிக்கு ஓட வேண்டுமென்றால் 0.30 என்று எழுத வேண்டும். நெரிசல் நேரத்தில் தாமதமாகலாம். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் அட்டவணையே நிறுத்தப்படும்.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு: ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியதும் கடிகாரம் சரியாக 5.30 மணி நேரம் தள்ளி நின்றால், பேட்டரி பழுது என்று நினைக்க வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் யூடிசி-யாகவும் வாசிக்கிறது. ஏதாவது ஒன்றை மாற்றி இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டும்.

‘வெற்றி’ என்கிறது, ஃபைல் காலி

மூன்றாவது வகைக்கு வருவோம். பேட்ச் ஃபைலில் பத்து வரி இருந்து, மூன்றாவது வரி தோற்று, பத்தாவது வரி ‘முடிந்தது’ என்று அச்சிட்டால், ஷெட்யூலருக்கு வெற்றிதான். பவர்ஷெல்லிலும் பல பிழைகள் சிவப்பு எழுத்தில் வந்துவிட்டு, ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடி பூஜ்யத்தோடு முடியும். இணையதளம் எண்களுக்குப் பதிலாக ‘பராமரிப்புப் பணி நடக்கிறது’ என்ற பக்கத்தைக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் அதைச் சமர்த்தாகச் சேமித்து வைக்கும். ஃபைல் இருக்கும், தேதி இருக்கும், தகவல் இருக்காது.

இதன் பெரிய வடிவம் 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது. ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போய்ப் பார்த்தால், தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் ஒரு பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி வேறு பழைய பதிப்பு. அதனால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வி என்று மெயில் போகும்படிதான் வைத்திருந்தார்கள். அந்த மெயில்கள் சரியாகக் கையொப்பமிடப்படாததால், பெறும் சர்வரே அவற்றைத் திருப்பிவிட்டது. வேறொரு காரணத்துக்காக அன்று ஓர் ஊழியர் எடுத்து வைத்திருந்த நகல் இருந்ததால் சுமார் 6 மணி நேரத் தகவலோடு இழப்பு நின்றது. அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல் விரிவாக வெளியிட்டது.

அங்கே எச்சரிக்கையும் தானாக ஓடும் இன்னொரு டாஸ்க்தான். அதுவும் சத்தமில்லாமல் சாகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஆகவே, ஸ்கிரிப்ட் தன் வேலையைத் தானே சோதிக்க வேண்டும். ஃபைல் அளவு பூஜ்யமா? இன்றைய தேதியில் வரிசை சேர்ந்ததா? எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறதா? இல்லையென்றால் பிழை என்று சொல்லி வெளியேற வேண்டும். இரண்டு மூன்று வரி வேலைதான்.

காற்றுத் தரக் குறியீட்டைக் கணக்கிடும் முறையிலேயே இந்தச் சோதனை இருக்கிறது. 24 மணி நேரச் சராசரிக்குக் குறைந்தது 16 மணி நேர அளவீடு வேண்டும். குறைந்தது 3 மாசுபொருட்களின் அளவு வேண்டும். அதில் ஒன்று பிஎம் 2.5 அல்லது பிஎம் 10 ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்குக் குறியீடே கிடையாது. தகவல் போதவில்லை என்றால் எண் சொல்லாதே என்பது விதி. நம் ஸ்கிரிப்ட்டுக்கும் அதே விதி பொருந்தும்.

வந்தால் சொல்லாதே, வராவிட்டால் சொல்

‘பிழை வந்தால் மெயில் அனுப்பு’ என்ற ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. கணினியே அணைந்திருந்தால் மெயிலை யார் அனுப்புவது?

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் தாக்கியபோது கொல்கத்தாவின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் பல பகுதிகள் அப்படித்தான் இருந்தன. பதிவு செய்ய வேண்டிய நாட்கள் அவை. வீட்டுக் கணினி அணைந்து கிடப்பதும் அதே நாட்களில்தான்.

எனவே காவல் வெளியே இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் வேலையை முடித்ததும் ஓர் இணைய முகவரிக்கு ‘முடிஞ்சுது’ என்று ஒரு சிக்னல் அனுப்பும். குறித்த நேரத்துக்குள் சிக்னல் வராவிட்டால் அந்தச் சேவை உங்களுக்குத் தகவல் சொல்லும். இப்படிப்பட்ட சேவைகள் சின்னப் பயன்பாட்டுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. அதுவும் வேண்டாமென்றால், மொபைல் காலண்டரில் வாரம் ஒருமுறை நினைவூட்டல்: ‘கடைசி வரிசையின் தேதி என்ன?’ அதைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

கூடவே ஒரு லாக் ஃபைல். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை வரிசை, பிழை இருந்தால் அதன் முழு வாசகம். அடுத்த முறை டாஸ்க் விழும்போது ஊகிக்க வேண்டிய தேவையே இருக்காது.

விட்டுப்போன நாட்களை என்ன செய்வது?

முதலில், பூஜ்யம் போடாதீர்கள். காற்றில் மாசு பூஜ்யம் என்பதும் அன்று அளவு தெரியாது என்பதும் ஒன்றல்ல. காலியாக விடுங்கள். முந்தைய நாள் எண்ணையும் அடுத்த நாள் எண்ணையும் கூட்டிப் பாதியாக்கி நிரப்புவதும் ஆபத்து. காளி பூஜைக்கு முதல் நாளையும் இரண்டு நாள் கழிந்த பிறகையும் வைத்து நடுவில் உள்ள இரவை ஊகிக்க முடியாது.

அடுத்து, மூலத்தில் பழைய பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பாலிகஞ்ச் விஷயத்தில் இருந்தது. மத்திய வாரியத்தின் தளத்தில் நிலையத்தையும் தேதியையும் தேர்ந்தெடுத்துப் பழைய அளவீடுகளை எடுக்கலாம். விட்ட நாட்களைச் சேர்த்தேன், அவை பின்னால் சேர்த்தவை என்று தனிப் பத்தியில் குறித்தேன். எல்லாத் தகவலுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு பக்கத்தில் இன்று இருந்து நாளை மாறிவிடும் விலை, அந்த நிமிட நிலவரம் மட்டும் காட்டும் பட்டியல் எல்லாம் போனால் போனதுதான்.

அதனால் ஸ்கிரிப்ட்டின் வேலையையே மாற்றி எழுதினேன். முன்பு அது ‘இன்றைய எண்ணை எடு’ என்றது. இப்போது ‘பட்டியலில் எந்தெந்த நாள் இல்லை என்று பார், அவை எல்லாவற்றையும் எடு’ என்கிறது. நான்கு நாள் தூங்கினாலும் ஐந்தாம் நாள் ஒருமுறை ஓடினால் போதும், ஐந்து வரிசையும் வந்துவிடும். ஒரே நாளில் இரண்டு முறை ஓடினாலும் இரட்டை வரிசை விழாது. வீட்டுக் கணினி தினமும் சரியான நேரத்தில் விழித்திருக்கும் என்று எதிர்பார்ப்பதைவிட, விழித்திருக்காது என்று வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

பத்து நிமிடச் சோதனை

உங்கள் டாஸ்க்கை இன்று சரிபார்க்க இந்த வரிசை:

1. விளைவைப் பாருங்கள்: கடைசி பேக்கப்பின் அல்லது கடைசி வரிசையின் தேதி என்ன?
2. ஷெட்யூலரில் கடைசியாக ஓடிய நேரமும் முடிவும் என்ன? ஹிஸ்டரி இயங்குகிறதா?
3. சார்ஜர் டிக்கை எடுங்கள். தவறினால் பிறகு ஓட்டும் டிக்கைப் போடுங்கள்.
4. சமீபத்தில் பாஸ்வேர்ட் மாற்றினீர்களா? டாஸ்க்கிலும் மாற்றுங்கள்.
5. எல்லாப் பாதைகளும் முழுப் பாதைகளா? ‘ஸ்டார்ட் இன்’ நிரப்பியிருக்கிறதா?
6. நேர மண்டலம் சரியா? ஸ்கிரிப்ட் எந்தத் தேதியை எடுக்கிறது?
7. டாஸ்க்கை இப்போதிலிருந்து இரண்டு நிமிடம் கழித்து ஓடும்படி வைத்து, கை வைக்காமல் காத்திருங்கள். ஷெட்யூலரிலேயே ‘ரன்’ பட்டனை அழுத்திப் பார்ப்பது அரைச் சோதனைதான். குறித்த நேரத்தில் தானாகத் தொடங்குகிறதா என்பது அதில் சோதிக்கப்படுவதில்லை.
8. பேக்கப் என்றால், ஒரு ஃபைலை அதிலிருந்து வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப், பேக்கப் இல்லை.

விட்ட நாட்களைச் சேர்த்த பிறகு பாலிகஞ்சின் குளிர்காலச் சராசரியை மறுபடி கணக்கிட்டேன், எண் ஏறியது. முதல் கணக்கை நம்பி எழுதியிருந்தால், அந்தத் தெருக்களில் அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு இல்லாத ஒரு சுத்தமான இரவைக் கொடுத்திருப்பேன். உங்கள் பட்டியலில் எந்த நாட்கள் இல்லை என்று இன்றைக்கே ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.